சைலஸ் அறிந்த சிவப்பு

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் சைலஸ் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று கை காட்டமாட்டார்கள். வின்னி டீச்சர் வீடு என்றால் காட்டுவார்கள். வின்னி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் அல்ல. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரும் அவள்தான். அவளுடைய புருஷன் என்பதே சைலஸுக்கு விலாசம். அதில் அவருக்கு மனக்குறை ஏதும் இல்லை. அதற்கு முன் அவருக்கு இருந்த விலாசம் அப்படியொன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

கோலார் தங்கச் சுரங்கத்தில் பம்ப் பிட்டராக இருந்தவர். சுரங்கம் மூடியபோது கையில் தொழில் இருந்தது, போக இடமில்லை. வேலை போன துக்கத்தில் குடிக்க ஆரம்பித்தார் என்று வின்னி மற்றவர்களிடம் சொல்லுவாள். அது பாதிதான் உண்மை. குடி முன்பே இருந்தது. வேலை போனதும் அதற்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். சின்னசாமி என்று ஒரு கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்து எதையும் விட்டுவைத்ததில்லை. சின்னசாமி கண் மஞ்சளாகி, ஈறில் ரத்தம் கசிந்து, வயிறு ஊதி, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தான். அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கும் சைலஸ் குடித்தார்.

பிறகு சபை மண்டபத்தில் குடியை நிறுத்தும் முகாம் ஒன்று நடந்தது. வின்னி கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வந்த டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்து, "இத்தப் போட்டுகினு ஒரு வாய் குடிச்சாலும் உடம்பு தாங்காது, பாத்துக்கோங்க" என்றார். சைலஸ் தலையாட்டிவிட்டு வந்தார். நம்பவில்லை. உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் பந்தலுக்குப் பின்னால் போய் ஒரு குவார்ட்டரைத் திறந்தார். பாதி இறங்கவில்லை, கழுத்திலிருந்து நெருப்பு ஏறினாற்போல முகம் சிவந்தது. காதுக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு போதவில்லை. வாந்தி. கண்வெள்ளை முழுக்க ரத்தச் சிவப்பு. சாவு வந்துவிட்டது என்றே நினைத்தார். சமையல் ஆட்கள் அவரை ஒரு கயிற்றுக் கட்டிலில் போட, வின்னி ஒரு எவர்சில்வர் தட்டால் விசிறிக்கொண்டே, "படட்டும், நல்லா படட்டும்" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

அதோடு நின்றது. மாத்திரையை இரண்டு வருஷம் வின்னி கையால் வாங்கிப் போட்டார். அப்புறம் மாத்திரையும் வேண்டியிருக்கவில்லை. பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் பம்பும் ஜெனரேட்டரும் பார்க்கும் வேலை கிடைத்தது. காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவார். வாசலில் வின்னி டிபன் பையை வாங்குவாள். வாங்கும்போது கொஞ்சம் கிட்டே வந்து, மூச்சை உள்ளே இழுப்பாள். அது எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் போன தை மாதம் வின்னிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. வலது விலாவுக்குக் கீழே வலி, பல் கிட்டும் நடுக்கம். இரண்டாம் நாள் கண்ணைப் பார்த்தால் மஞ்சள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் மமதா, பித்தப்பையில் கல், அதில் கிருமி புகுந்து சீழ் பிடித்திருக்கிறது என்றார். கோலார் பக்கத்து கன்னடப் பெண். நோயாளிகளோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். உடனே ஆபரேஷன் வேண்டாம், முதலில் ஊசியால் சீழை அடக்கலாம், ஒன்றரை மாதம் பொறுத்துக் கல்லை எடுக்கலாம் என்றார். காலையிலும் சாயங்காலமும் நரம்பில் ஊசி. வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கி ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. வலி தணிந்தது. மீதி ஊசிக்கு வீட்டிலிருந்தே வந்துபோகலாம் என்று, கை நரம்பில் செருகிய ஊசிக் குழாயை எடுக்காமலே அனுப்பிவைத்தார்கள். சைலஸ் லீவு போட்டுவிட்டு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு அலைந்தார்.

வின்னிக்கு வாயில் எதுவும் பிடிக்கவில்லை. கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். டாக்டர் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்ததால், வெளிச்சம் இருக்கும்போதே லைன் ஓரமாக நடந்து, அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரி கிருஷ்ணம்மாவிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய ஒரு சாயங்காலம் அப்படிப் போய் வந்தவள், வந்ததும் வராததுமாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாவோ பண்ணுதுங்க எனக்கு."

சைலஸ் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. கன்னம், காது, நெற்றி. கண்வெள்ளையில் ரத்தம் கட்டிக்கொண்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அடிச்சுக்குது, தட்டுனா கேக்குற மாதிரி அடிச்சுக்குது" என்றாள். பிறகு முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

ஓடிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிவப்பு அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். அது உள்ளேயிருந்து எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியும். ஆனால் அது இவள் முகத்தில் எதற்கு வரவேண்டும்? கேக்கில் ரம் ஊற்றியிருக்கிறார்கள் என்று கிறிஸ்துமஸ் கேக்கையே ஒதுக்குகிறவள். அவளைப் படுக்கவைத்துத் துண்டால் முகத்தைத் துடைக்கும்போது அவள் மூச்சு அவர் மேல் பட்டது. இனிப்பும் புளிப்புமாக, ஊறிப்போன பழம் மாதிரி ஒரு வாடை.

சைலஸ் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

"இன்னா பாக்குறீங்க?" என்றாள்.

"ஒன்னுமில்ல. படு."

சாப்பாட்டு வேளைக்குள் எல்லாம் வடிந்துவிட்டது. "பித்தந்தான், வேற இன்னா" என்று வின்னி தானே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை நர்சிடம் விஷயத்தைச் சொன்னார்கள். நர்ஸ் வாணி பயந்து, அப்போது டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் ஊசி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சந்தேகப்பட்டு, பக்கத்திலேயே மருந்துகளைத் தயாராக வைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றச் சொன்னார். ஏற்றி முடித்து ரொம்ப நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒரு தடிப்பு இல்லை, ஒரு அரிப்பு இல்லை. வின்னி வாணியிடம் கர்த்தரின் கிருபையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா ஆன்ட்டி?" என்று இளம் டாக்டர் கேட்டார்.

"இங்க குடுத்தது தவிர ஒரு மாத்திரையும் இல்ல" என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதுதான் சைலஸைக் குழப்பியது.

அடுத்த நாள் காலை அவள் பல் துலக்கித் துப்பியதில் ரத்தம் கலந்திருந்தது. அவள் கவனிக்காமல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனாள். சைலஸ் அவள் துப்பிய முற்றத்துக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் மஞ்சள். முகத்தில் சிவப்பு. ஈறில் ரத்தம். சின்னசாமிக்கு வந்ததெல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. பித்தப்பைக் கல் என்று டாக்டர் சொன்னாரே. ஸ்கேனில் அவரும் பார்த்தாரே. கல் இருந்தால் குடிக்கக்கூடாது என்று சட்டமா? கல்லும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம். சீச்சீ என்று தலையை உதறிக்கொண்டார். உதறினால் போகவில்லை.

அவர் அபார்ட்மெண்டுக்கு ரயிலேறிப்போன பிறகு பகல் முழுக்க இவள் தனியாகத்தானே இருந்தாள்? மகள் நிக்கோலும் பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். இத்தனை வருஷமாக ஒருத்தன் வாயை மோந்து பார்க்கிறவளுக்கு அந்த வாசனையே ஒரு நாள் பிடித்துப்போனால்? இப்படியெல்லாம் யோசனை ஓடியது. யோசனையின் அசிங்கம் அவருக்கே கூசியது.

அன்று சாயங்காலம் மறுபடியும் வந்தது. அதே சிவப்பு, அதே துடிப்பு, அதே வாந்தி. இந்தத் தடவை சைலஸ் வேண்டுமென்றே குனிந்தார். அதே வாடை. சின்னதாக, ஆனால் இருந்தது.

நிக்கோலுக்குப் போன் போட்டார்.

"அலர்ஜியா இருக்கும்பா. டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டோம். அது இல்லன்றாங்க."

"பின்ன இன்னாவாம்?"

சைலஸ் வாயைத் திறந்தார். உங்க அம்மா குடிக்கிறாள்போல இருக்கிறது என்று மகளிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் அவரைப் பற்றி அம்மாவும் மகளும் இதையே பேசியிருப்பார்கள். "ஒன்னுமில்லம்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வின்னி தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டைத் துழாவினார். அரிசி டின்னுக்குப் பின்னால், துணிப் பெட்டிக்குள், கட்டிலுக்கு அடியில். தான் ஒரு காலத்தில் ஒளித்துவைத்த இடங்களில்தான் முதலில் தேடினார். ஒன்றுமில்லை. கடைசியில் ஃபிரிட்ஜைத் திறந்தபோது, கீழ்த்தட்டில் அந்தப் பெரிய கண்ணாடி ஜாடி கண்ணில் பட்டது. சபைத் திருவிருந்தில் ஆளுக்கொரு வாய் கொடுக்க வேண்டிய திராட்சைச் சாறு. கறுப்புத் திராட்சையை வேகவைத்து வடிகட்டி வின்னிதான் தயார் செய்வாள். புளிக்கவிடமாட்டாள், அதில் அவளுக்கு அவ்வளவு கறார். ஆனால் இது அவள் படுக்கையில் விழுவதற்கு முன்னால் செய்தது. ஜாடியும் கழுத்துவரை நிறைந்திருக்கவில்லை.

மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். புளித்திருந்தால் அவர் மூக்குக்குத் தப்பாது. ஆனால் குனிய முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்து முகத்தை ஒரு ஜாடிக்குள் விட்டு, அது புளித்தும் இருந்துவிட்டால் அப்புறம் கை என்ன செய்யும் என்று அவருக்கே தெரியாது. ஜாடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கடையில் கொட்டினார். ஊதாநிறத் தண்ணீர் கல்லெல்லாம் பரவிப் போயிற்று.

திரும்பினால் வின்னி நின்றுகொண்டிருந்தாள்.

"அது சர்ச்சுதுங்க. நாளைக்குத் திருவிருந்து. இன்னாத்துக்கு ஊத்துனீங்க?"

"நீ இன்னாத்துக்கு அத்தக் குடிக்கிற, வின்னி?"

"நானா? எத்த?"

"என்கிட்ட சொல்லு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். இது எனக்கும் வந்துது. முகம் செவந்து, நெஞ்சு அடிச்சுகினு... எனக்குத் தெரியாதா? வாசன வருது உன்கிட்ட."

வின்னிக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் சைலஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஊதாக்கறை படிந்த கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் நடக்கவும் போகவில்லை. ஊசிக்கு ஆட்டோவில் போகும்போது இரண்டு பேருக்கும் நடுவில் பையை வைத்தாள். சிவப்பு வரவில்லை.

வரவில்லை என்றதும் சைலஸின் மனசு இரண்டு பக்கமும் பேசியது. ஜாடியைக் கொட்டினோம், நின்றுவிட்டது. ஆகவே நாம் நினைத்தது சரி. அப்படியென்றால் அவள் குடித்தாள். ஆனால் அவள் பார்த்த பார்வை குடித்தவள் பார்வை இல்லை. குடித்தவன் எப்படிப் பார்ப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். தான் நினைத்தது சரியாகப் போனதில் சந்தோஷப்படுவதா, சங்கடப்படுவதா என்று புரியாமல் அன்றைய சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊசி முடிந்து வந்தபின் வின்னி ஆராதனைக்குப் போகவில்லை. சைலஸும் போகவில்லை, சாறு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கிருஷ்ணம்மா பெரிய டம்ளரை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். "ஏமி வின்னி, நேத்து வரவே இல்ல? சாப்பிடலன்னா உடம்பு எப்படித் தேறும்? மூஞ்சி அழுத மாதிரி இருக்குது" என்று அவள் பேசுவது கேட்டது. ஏதோ கஷாயம் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணம்மா அலறினாள்.

இந்தத் தடவைதான் மோசம். சிவப்பு ஏறி, அப்புறம் அதே முகம் வெளுக்க ஆரம்பித்தது. வின்னி வியர்த்து நனைந்து, சொல்லவும் முடியாமல் சைலஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் ஜாடி இல்லை. அவள் வீட்டைவிட்டு வெளியேயும் போகவில்லை. அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பின்னே எப்படி? அவருக்குத் தலை சுற்றியது. ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போகும்போது, "கர்த்தாவே, நான் தப்பா நெனச்சதுக்கு இவளுக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். கிருஷ்ணம்மாவும் கூடவே ஏறிக்கொண்டாள்.

ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டர் மமதாவே வந்து, காலைத் தூக்கிவைத்து, குளுக்கோஸ் ஏற்றி, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். இதயத்தில் ஒன்றுமில்லை. வின்னி கண்ணைத் திறந்து மூச்சு சீரானதும் டாக்டர் சைலஸ் பக்கம் திரும்பினார்.

"ஏனாயித்து? என்ன நடந்துச்சு, முதல்லயிருந்து சொல்லுங்க."

சைலஸ் வின்னியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனிமேல் மறைத்து என்ன?

"டாக்டரம்மா, இது எனக்கு வந்துது. குடிய வுடுற மாத்திரை போட்டுகினு இருக்கும்போது திருட்டுத்தனமா குடிச்சேன், அப்போ. இதேதான். அச்சு அசல் இதேதான். ஆனா இவ குடிக்கிறவ இல்ல. சத்தியமா இல்ல. நான்தான் சந்தேகப்பட்டுச் சர்ச் ஜூஸக் கொட்டிட்டேன். எனக்கு ஒன்னுமே புரியல."

டாக்டர் மமதா பேனாவை மூடினார். "அம்மா என்ன சாப்பிட்டாங்க காலைல? டீ, டானிக், இருமல் மருந்து, எதுவா இருந்தாலும்."

"ஒன்னும் சாப்பிடலம்மா, அதான கஷ்டம்" என்றாள் கிருஷ்ணம்மா. "நான் குடுத்த அரிஷ்டத்தத்தான் ஒரு டம்ளர் குடிச்சா. பசி எடுக்கும்னு முன்னாடியும் ரெண்டு நாள் எங்க வீட்டுல குடுத்தேன். பாட்டில்ல, மூடியால ரெண்டு மூடின்னு போட்டிருக்குது. உடம்பு இப்படிக் கெடக்குதேன்னு நான்தான் கொஞ்சம் கூட ஊத்துனேன்."

சைலஸ் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எலெக்‌ஷன் சமயத்தில் சாராயக்கடையெல்லாம் மூடிக்கிடக்கும்போது அவரும் சின்னசாமியும் மருந்துக்கடையில் எதை வாங்கிக் குடித்தார்கள்? அரிஷ்டம்தான். பாட்டில் பாட்டிலாக.

"அதுல சாராயம் இருக்குது வின்னி" என்றார்.

வின்னி படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அது மருந்துங்க. வேர், பட்டை போட்டு..."

"வேர், பட்டைதான் அம்மா. வெல்லமும் போட்டு மாசக்கணக்குல ஊறவைப்பாங்க. ஊறும்போது தானாவே ஆல்கஹால் வந்துடும். கொஞ்சந்தான்" என்றார் டாக்டர். "சும்மா நாள்ல குடிச்சா உங்களுக்கு ஒன்னும் ஆயிருக்காது. நாங்க போடற ஊசியோட சேர்ந்ததாலதான் இப்படி."

அங்கேதான் சைலஸுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் வந்தது. "சீழுக்குப் போடுற ஊசி டாக்டரம்மா அது. குடிய வுடுற மாத்திரை வேலைய அது இன்னாத்துக்குச் செய்யுது?"

டாக்டர் மமதா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். செஃபலோஸ்போரின் என்று ஒரு மருந்துக் குடும்பம் இருக்கிறது, அதில் நிறைய மருந்துகள் என்று தொடங்கினார். எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் வளையம் ஒரே மாதிரி. கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ள விடாமல் தடுப்பது அந்த வளையம்தான். சுவர் இல்லாத கிருமி வெடித்துச் சாகும். வளையத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வால் மட்டும் ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. வின்னிக்குப் போட்டது செஃபோபெரசோன். அது பித்தத்தோடு சேர்ந்து இறங்குவதால் பித்தப்பைச் சீழுக்கு நல்லது. ஆனால் அதன் வாலில் ஒரு கெட்ட குணம்.

"சாராயம் உள்ள போனா கல்லீரல் அத ரெண்டு படியா ஒடைக்கும். மொதல் படியில ஒரு விஷம் வரும். ரெண்டாவது படியில அந்த விஷம் சாதுவாயிடும். நீங்க சாப்பிட்ட மாத்திரை அந்த ரெண்டாவது படிய அடைச்சுடும். இந்த வாலும் அதையே பண்ணுது. விஷம் போக வழியில்லாம ரத்தத்துல நிக்கும். அதான் செவப்பு, துடிப்பு, வாந்தி எல்லாம்."

"ஈறுல ரத்தம் வந்துதே?"

டாக்டர் நிமிர்ந்தார். "அத ஏன் சொல்லல?" ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே உடம்பில் வேலை செய்வதையும் அதே வால் கெடுக்கும், சாப்பாடு இறங்காத ஆளுக்கு இன்னும் சுலபமாகக் கெடுக்கும் என்றார். உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி, வைட்டமின் ஊசிக்கும் எழுதினார். செஃபோபெரசோனை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். ஆனாலும் சில நாளைக்கு அரிஷ்டத்தின் பக்கமே போகக்கூடாது, பழைய மருந்தின் வேலை உடனே அடங்காது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமே டாக்டரம்மா" என்றாள் கிருஷ்ணம்மா.

"சொல்லியிருக்கணும். ஆம்பளைங்க வந்தா சொல்லுவோம், குடிக்காதீங்கன்னு. இவங்க பைபிளும் கையுமா படுத்திருந்தாங்க. இவங்ககிட்ட போய் அதக் கேக்கத் தோணல."

கிருஷ்ணம்மா அழுதாள். வின்னி அவள் கையைப் பிடித்து, "நல்லதுக்குத்தான குடுத்த" என்று தேற்றினாள். சைலஸிடம் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் ஐக்கியத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். திருவிருந்து அன்று சாறு இல்லாமல் கடையில் வாங்கிச் சமாளித்த கதையைச் சொல்லிவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சைலஸ் சமையலறையில் டீயை வடிகட்டிக்கொண்டு நின்றார்.

"நான் படுத்துட்டேன் இல்ல, அது கெட்டுப்போச்சு. அவருகிட்டச் சொல்லி ஊத்தச் சொன்னேன்" என்றாள் வின்னி.

பொய் சொல்லாதவள் சொன்ன பொய். டீயைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் அவளைப் பார்த்தார். அவள் டம்ளரை மட்டும் பார்த்தாள். மன்னித்துவிட்டாளா, சபைக்கு முன்னால் மானத்தை மட்டும் காப்பாற்றினாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வந்தவர்கள் போன பிறகு அவளே பேசினாள். "அன்னிக்குக் கல்யாணத்துல உங்களுக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான்."

"செத்துடுவோம்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"நீங்க நடிக்கிறீங்கன்னு நெனச்சேன். பாதி நடிப்புன்னு." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "தினமும் உங்க வாய மோந்து பாத்துகினு இருந்தேனே. நீங்க சனிக்கிழம கேட்டது எனக்கு எப்படி இருந்துச்சோ, உங்களுக்குத் தினமும் அப்படி இருந்திருக்கும் இல்ல?"

சைலஸ் யோசித்தார். ஆமாம் என்று சொன்னால் அவள் வருத்தப்படுவாள். இல்லை என்றால் நம்பமாட்டாள். உண்மையோ இரண்டும் இல்லை. முதல் வருஷம் வலித்தது. அப்புறம் எப்போதோ அது பழகி, ஒரு நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தவனுக்கு ஒருத்தி அவ்வளவு கிட்டே வந்து நிற்பது நன்றாகவே இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அதெல்லாம் இல்ல, வுடு" என்றார். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, தெரியாது.

பங்குனி கடைசியில் கோலாரில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் மமதாவே சொல்லி அனுப்பிய ஆஸ்பத்திரி. சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் மருந்து வாங்கிவரச் சொல்லிச் சைலஸிடம் சீட்டுக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அப்படியே நின்றார். பெயர் செஃப் என்று தொடங்கியது.

"தம்பி, இது அதே குடும்பமா?"

"எந்தக் குடும்பம் சார்?"

"இதுல வால் இருக்குதா?"

கடைப் பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சைலஸ் வளையம், சுவர், கல்லீரல், இரண்டு படி என்று விளக்க முயன்றார். பாதியில் அவருக்கே எது எதை அடைக்கிறது என்று குழம்பிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடமே ஓடினார். அவர் சிரித்துவிட்டு, இது செஃப்ட்ரியாக்சோன், அதே குடும்பம்தான், அந்த வால் இதற்குக் கிடையாது, பயப்படாதீர்கள் என்றார். குடும்பத்தில் ஒருத்தன் அப்படி இருந்தால் எல்லோரும் அப்படியா என்று சைலஸ் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் ஊசி ஏறி முடியும்வரை வின்னியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து அதன் நிறத்திலேயே இருந்தது.

மறுநாள் வின்னி எழுந்து உட்கார்ந்தாள். கண்வெள்ளை வெள்ளையாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு தானாக, பசிக்கிறது என்றாள். சைலஸ் கேன்டீனில் இட்லி வாங்கிக்கொண்டு வந்து பிய்த்துக் கொடுத்தார். நாலாவது வாயில், "சட்னி ஏன் இப்படி உப்பாகீது? நீங்க சாப்பிட்டுப் பாக்கலியா?" என்று கடிந்துகொண்டாள். அவர் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, வேறு சட்னி கேட்டு வாங்கிவரப் போனார்.